பொலி

தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் முதல் கேள்வியே, "உங்க குலசாமி எந்த ஊர்ல இருக்கு?" அம்மா பதில் சொல்ல முடியாமல் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது யாரோ சொன்னது காதில் விழுந்தது: "சிலோன்காரங்க. முன்னோர் யாருன்னே தெரியாது." இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

எங்களுக்கு முன்னோர் உண்டு. ஒருமுறை என் வாயிலேயே பேசியிருக்கிறார்கள்.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்தக் கணக்கில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர் அப்பாயி, என் அப்பாவின் அம்மா. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை தரவே 1968-ல் இங்கே தேயிலை போட ஆரம்பித்தார்கள். அப்பாயி பிறந்ததே இலங்கை மலையில்தான். சொந்த ஊர் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'துறையூர்ப் பக்கம்'. கிராமத்தின் பேர் அவருடைய அய்யாவோடு போய்விட்டது.

எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூட லீவு. மழை விட்டுத் தேயிலை தளதளவென்று துளிர்த்திருந்தது. அப்பாயி இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு இறங்க, நானும் பின்னாலேயே. சின்னக் கூடை ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டார். கொழுந்தைக் கிள்ளக் கிள்ள விரலெல்லாம் பச்சை வாசம், முழங்கை வரை ஈரம் வழிந்தது. முதல் பிடியைத் தோளுக்கு மேலே கொண்டுபோய்க் கூடையில் போட்டபோது வாய் தானாகச் சொன்னது: "பொலி!"

அப்பாயியின் கை அப்படியே நின்றுவிட்டது. "யாரு ஆத்தா ஒனக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

"அங்க மொதப் பிடியப் போடறப்ப, பெருகட்டும்னு, பொலி பொலின்னு சொல்லுவோம். எங்கய்யா சொல்லித் தந்தது. இங்க வந்தபெறகு எனக்கு வாயில வரல ஆத்தா." படங்கு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தூக்கத்தில் அவர் முனகியதைக் கேட்டிருப்பாய் என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனால் அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் ஏதோ நிரம்பியதே, அதற்கு நான்தான் சாட்சி.

பல வருஷம் கழித்து, தை மாசம், துறையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ரோட்டோரக் களத்தில் பெரியவர் ஒருவர் முறத்தால் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். "பொலி... பொலியோ பொலி..." நெல்லுக்குச் சொன்ன சொல் அது! கடல் தாண்டிப் போய்த் தேயிலைக்குச் சொல்லி, திரும்ப மலையேறி என்னிடம் வந்திருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் அவரிடம் ஒரு பிடி நெல் கேட்டு வாங்கினேன். அய்யா ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

அந்த நெல் எங்கள் வீட்டு மாடத்தில், அப்பாயி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெண் வீட்டார் மறுபடி கேட்டால் அதைத்தான் காட்டப்போகிறேன்.