பத்தொன்பதாம் அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாவலைப் பற்றி நடந்த கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள், காணொலியும் சுற்றுகிறது, அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. "சாவு வீட்டில் எதற்குங்க டூயட்?" என்று மேடையில் இருந்த மூத்தவர் ஒருவர் கேட்டார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. நாவலை எழுதிய பெண் மேடையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருடைய முதல் நாவல். 1942-இல் ரங்கூனிலிருந்து மணிப்பூர் வரை நடந்துவந்த தமிழர்களைப் பற்றி. அதில் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இரண்டு பேருக்கு ஒருவரை ஒருவர் பிடித்துப்போகிறது. அவ்வளவுதான் குற்றம்.

நான் பதில் சொல்ல எழுந்தேன். நேரமாகிவிட்டது என்றார்கள். நன்றியுரைக்கு மட்டும் பதினைந்து நிமிடம் இருந்தது. சரி, இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வழியில் நடந்தவர்களை நடக்கவைத்ததே அந்தப் பிடிப்புதான். திரும்பவும் சொல்கிறேன், நடக்கவைத்ததே அதுதான்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு போட்டார்கள். வானத்தில் விமானங்கள் சண்டை போடுவதை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி குண்டு. 1942 மார்ச் 8-இல் நகரமே கைமாறியது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போனார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். சிலர் அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங் பக்கம். சிலர் சிந்த்வின் ஆற்றைக் கடந்து தமு, பலேல், இம்பால், அங்கிருந்து திமாப்பூர் போய் ரயில். காலரா, மலேரியா, மே மாதம் பிடித்துக்கொண்ட மழை. 4 லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள் என்கிறார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனை? ஒருவர் 10,000 என்பார், இன்னொருவர் 50,000 என்பார். யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கிழவியை விட்டுவிட்டு, காய்ச்சல்காரனை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, தூக்கமுடியாத பிள்ளையை இறக்கிவிட்டு நடந்தால் மழைக்கு முன் இம்பாலைப் பிடித்துவிடலாம். அப்படிப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் போகாதவர்கள் ஏன் போகவில்லை? அந்த மேடையில் இருந்த யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள். வீரம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். யாருக்காக அந்த வீரம்?

எங்கள் அப்பத்தா அந்த வழியில் வந்தவள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. கூட அவள் அம்மா, நாலு வயதுத் தம்பி. அவளுடைய அப்பா இரண்டாம் குண்டுவீச்சில் போய்விட்டார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கதை கேட்டால் சொல்வாள். "தம்பியை அவுகதான் முதுகுல கட்டித் தூக்கியாந்தாக. எனக்குக் காச்ச வந்து படுத்தப்ப மூணு நா கூடவே இருந்தாக." அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் இல்லையா, தாத்தாவை அப்பத்தா எப்போதும் "அவுக" என்றுதான் சொல்வாள். நாங்களும் தாத்தாதான் தூக்கிவந்தார் என்று நினைத்துக்கொண்டோம். தாத்தா பர்மாவுக்கே போனதில்லை என்பது எனக்கு இருபத்தைந்து வயதில்தான் உறைத்தது. அப்போது அப்பத்தா இல்லை.

இதைச் சொன்னால், "இதெல்லாம் காதல் ஆகாது, உதவி" என்று ஒருவர் வருவார். வரட்டும். மூன்று நாள் பின்தங்கினால் செத்துப்போகலாம் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்ததற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

"அந்தக் காலத்தில் காதல் ஏது?" என்று இன்னொருவர். இதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

"போரைக் காட்டிக் காதலை விற்கிறார்கள்" என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். குண்டு விழும்போதும் கதாநாயகியின் கூந்தல் காற்றில் அலைபாயும் நாவல்களை நானும் பாதியில் மூடிவைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் படித்தீர்களா? அதில் ஒரு முத்தம்கூட இல்லை ஐயா. காய்ந்திருக்கும் ஒரே லுங்கியை அவன் அவளுடைய அம்மாவுக்குப் போர்த்தக் கொடுத்துவிட்டு மழையில் குந்தியிருக்கிறான். இதுதான் டூயட். இதையே ஓர் ஆண் எழுதியிருந்தால் "மானுட தரிசனம்" என்று அரைமணி நேரம் பேசியிருப்பீர்கள். நிரூபிக்க முடியாதுதான், ஆனாலும் சொல்கிறேன்.

அப்புறம், இப்படிக் காதல் நடந்ததற்கு "ஆதாரம் இருக்கிறதா?" என்ற கேள்வி. அதுதான் என்னை ரொம்பச் சுட்டது. யார் எழுதிவைத்த ஆதாரம்? வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, நம் ஆட்களுக்கு ஒரு வழி என்று அகதிகளிலும் நிறம் பிரித்த காலம் அது. காங்கிரஸ் அந்த ஆண்டே கண்டித்துத் தீர்மானம் போட்டது. அங்கே யார் யாருக்காகக் காத்திருந்தார் என்று எந்த அதிகாரி குறித்துவைப்பார்? அதே போரில் ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையையும் பாருங்கள். 415 கிலோமீட்டர். அதில் செத்த வெள்ளைச் சிப்பாய்களுக்குக் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. பெயரே இல்லாதவனுக்குக் காதல் இருந்ததா என்று ஆவணம் கேட்கிறோம். நல்ல ஆராய்ச்சி.

நீங்கள் அந்தப் பெண்ணுக்கு வேண்டியவரா என்று உள்பெட்டியில் கேட்ட நண்பருக்கு: இதுவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை இந்தக் கூட்டத்தில்தான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். அந்த மூத்தவர் மேல் மட்டும் கோபம் என்று சொன்னால் அது பொய். அப்பத்தாவின் கதை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். "திமாப்பூர்ல ரயிலேத்திவிட்டு அவுக தண்ணி பிடிக்கப் போனாக." அதோடு வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொள்வாள். நாங்களும் விளையாட ஓடிவிடுவோம். முதுகில் வந்த சின்னத் தாத்தா 2016 வரை உயிரோடு இருந்தார். அவரிடமும் நான் கேட்கவில்லை. நினைவிருக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நேற்று இரவு அந்தப் பெண் ஒரு வரி போட்டிருந்தார். அடுத்த பதிப்பில் பத்தொன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடப் போகிறாராம். வேண்டாம் அம்மா. உங்கள் கதையில் அவன் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறான், ரயில் கிளம்புவதற்கு முன்னால். 212-ஆம் பக்கம். மற்றதை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள், அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.