தெரிந்துகொண்டால் வியப்பு போய்விடுமா?
"அறிவு வளர வளரக் குழந்தைத்தனமான வியப்பு வடிந்துவிடும்" என்ற கட்டுரையாளரின் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி.ராமனுக்கு 32 வயது. ஒளியியலில் கரை கண்டவர். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லிவிட்ட பிறகும், மத்தியதரைக் கடலின் நிறம் ராமனைச் சும்மா இருக்க விடவில்லை. பிரதிபலித்து வரும் ஒளியை வடிகட்டக்கூடிய படிகமான நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, அந்தப் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவே இல்லை! நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற தெளிவு அங்கிருந்துதான் பிறந்தது. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்ற 1928இன் 'ராமன் விளைவு' கண்டுபிடிப்புக்கும் அதுவே வழி. பெரியவர்கள் உணர்ச்சியை அடக்கத்தான் வேண்டும் என்று அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய வாசகர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 1930இல் நோபல் பரிசு விழா அரங்கில், சொந்தக் கொடியில்லாத நாட்டவனாகப் பிரிட்டிஷ் கொடியின் கீழ் அமர்ந்திருந்தபோது கண்ணீர் பொங்கியதை ராமனே பின்னாளில் மறைக்காமல் சொன்னார். அவர் எந்த விதத்தில் முதிர்ச்சி குறைந்தவர்?