முக்கால் இரைப்பை போனது

உடல் பருமனுக்கு ஆபரேஷன் செய்வதைக் குறுக்கு வழி என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டைக்கு வந்து எங்கள் அக்காவைப் பாருங்கள். 118 கிலோ, சர்க்கரை வேறு. வாக்கிங், பேலியோ டயட் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். ஒன்றரை வருடத்தில் 37 கிலோ குறைந்தது, சர்க்கரை மாத்திரை பாதியானது.

சும்மா இல்லை. காசிமேட்டு வஞ்சிரம் வறுத்து வைத்தால் நாலு துண்டு காலி செய்தவள், இப்போது அரைத் துண்டிலேயே கை கழுவுகிறாள். நடுவில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வைட்டமின் பி12 உள்ளிட்ட சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ இளைக்க இதைச் செய்ய நினைப்பது, என்னைக் கேட்டால், பைத்தியக்காரத்தனம்.

ரோஸ்மில்க்கை மட்டும் அக்கா இன்னும் விடவில்லை. குடிக்கிற பானம் என்பதால் அது சின்ன இரைப்பையிலும் தடையில்லாமல் இறங்கிவிடும், எடையும் திரும்ப ஏறும் என்று டயட்டீஷியன் திட்டிக்கொண்டே இருக்கிறார்.