குஸ்கோவில் கற்களைப் பார்த்து முடித்த பிறகு

பெருவுக்குப் போய்வருகிறவர்கள் போடும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் வரும். மச்சு பிச்சு இருக்கும், வானவில் மலை இருக்கும், லாமா விலங்குக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருக்கும். ஸ்பானியர் வருமுன் அந்த நாட்டை ஆண்ட இன்காக்களின் தலைநகரமான குஸ்கோ இருக்காது. இருந்தாலும் இன்காச் சுவரில் இருக்கும் பன்னிரண்டு மூலைக் கல்லும், விடுதி ஜன்னலிலிருந்து எடுத்த ஓட்டுக் கூரைகளும்தான். விமானத்தில் இறங்கி, கோகா இலைத் தேநீர் குடித்து, 3,400 மீட்டர் உயரத்துக்கு உடம்பு பழகும்வரை படுத்திருந்து, அப்புறம் ரயில் ஏறிப் போவதற்கான இடமாகவே அந்த ஊரைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. இன்காக்களோடு அந்த ஊரின் கலை முடிந்துவிட்டது, 1533இல் ஸ்பானியர் நுழைந்த பிறகு வந்ததெல்லாம் திணிப்பு, தேவாலயங்களில் தொங்குபவை ஐரோப்பிய ஓவியங்களின் பிரதிகள், சந்தையில் இருப்பது சுற்றுலாச் சரக்கு என்று. இதை நான் முழு மனதோடு மறுக்கிறேன். ஆட்சி மாறியது, சாமி மாறியது, வேலை வாங்கியவர்கள் மாறினார்கள். செய்தவர்கள் அதே ஊர்க்காரர்கள். அவர்கள் கை ஒரு தலைமுறைகூட ஓயவில்லை.

கோரிகாஞ்சாவையே எடுத்துக்கொள்வோம். இன்காக்களின் தலைமைச் சூரியக் கோயில் அது. சிறைப்பட்ட இன்கா அரசன் அட்டவால்பாவை மீட்பதற்கான பொன்னுக்காக அதன் சுவர்களில் இருந்த தங்கத் தகடுகளை ஸ்பானியர் பெயர்த்து எடுத்தார்கள். பிறகு அந்தச் சுவர்கள் மேலேயே சாந்தோ தொமிங்கோ மடம் எழுந்தது. 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி சரிய, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் வெளியே தெரிந்தன. இன்கா கட்டியது நின்றது, ஸ்பானியன் கட்டியது விழுந்தது என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். சுவரைப் பொறுத்தவரை சரி. ஆனால் மடத்துக்கும் பேராலயத்துக்கும் கல் சுமந்து செதுக்கியவர்கள் யார்? அங்கே படம் எழுதியவர்கள் யார்? அந்தக் கேள்வியோடு ஊருக்குள் நடந்தால் குஸ்கோ வேறு ஊராகத் தெரியும்.

ஆதுன் ருமியோக் தெருவில் எப்போதும் கூட்டம். பன்னிரண்டு மூலைக் கல் அங்கேதான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஒருவர் அதை உலோகப் பொருளால் அடித்துச் சேதப்படுத்தியபோது உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அந்தக் கல் எந்தக் கட்டடத்தின் சுவர் என்று படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்கா ரோக்கா என்ற பழைய அரசரின் அரண்மனைச் சுவர் அது. அதன் மேல் இன்று நிற்பது பேராயர் மாளிகை. அதற்குள் சமயக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. குஸ்கோவில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கே இருக்கும் நற்கருணைப் பவனி (கத்தோலிக்கர் கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பத்தைத் தெருவில் கொண்டுபோகும் ஊர்வலம்) ஓவியங்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாந்தா அனா பங்குக் கோயிலுக்காக எழுதப்பட்டவை. ஒவ்வொரு துணியிலும் அன்றைய குஸ்கோ மொத்தமும் நெருக்கியடித்து நிற்கிறது. அதிகாரிகள், பாதிரியார்கள், மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள், தெருவோரச் சிறுவர்கள். பவனிக்கு முன்னால் இன்கா வம்சத்தவர்கள் முன்னோரின் உடையணிந்து நடக்கிறார்கள். சிவப்புக் குஞ்சம் வைத்த அரச மகுடத்தை அங்கே காணலாம். சில ஓவியங்களில் புனிதர்களின் சொரூபங்கள் பெரிய தேர்களில் வருகின்றன. அப்படித் தேர்கள் குஸ்கோவில் ஓடியதே இல்லை. ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த ஒரு விழாவின் அச்சுப்படங்களைப் பார்த்து எழுதியவை அவை. பிரதிதானே என்று ஒதுக்குகிறவர்கள் அந்தத் தேருக்கு முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தேரை அச்சுப்படத்திலிருந்து எடுத்த ஓவியர், மனிதரைத் தன் தெருவிலிருந்து எடுத்திருக்கிறார். "ஆட்சி போனாலும் நாங்கள் அரச வம்சம், இந்த ஊர்வலத்தில் எங்கள் இடம் இது" என்று ஒரு சமூகம் வண்ணத்தில் எழுதி வைத்த உரிமைப் பத்திரமாகவே நான் இவற்றைப் படிக்கிறேன்.

ஆட்சியாளர்களும் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். இன்கா வம்சத்தவரான இரண்டாம் துபாக் அமாரு ஸ்பானியருக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியை அடக்கி, 1781 மே மாதம் அவரைக் குஸ்கோவின் நடுச்சதுக்கத்தில் கொன்ற பிறகு, இன்கா உடைகளுக்கும் இன்கா அரசர்களின் ஓவியங்களுக்கும் தடை போட்டார்கள். படம் வெறும் படமாக இருந்தால் தடை எதற்கு?

குஸ்கோ ஓவிய மரபு எப்படித் தனி வழி போனது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. இத்தாலியரான பெர்னார்தோ பித்தி போன்ற இயேசு சபை ஓவியர்கள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வேலை செய்தார்கள். அவர்களைப் பார்த்தும், இன்றைய பெல்ஜியப் பகுதியான பிளாண்டர்ஸிலிருந்து வந்த அச்சுப்படங்களைப் பார்த்தும் உள்ளூர்க்காரர்கள் தொழில் கற்றார்கள். 1688 வாக்கில் ஓவியர் சங்கத்துக்குள் சண்டை முற்றியது. ஸ்பானிய ஓவியர்கள் தங்களை மோசமாக நடத்துகிறார்கள் என்று பூர்வகுடி ஓவியர்கள் விலகி நின்றார்கள், தனியாகத் தொழில் செய்யத் தொடங்கினார்கள். ஐரோப்பியச் சங்கத்தின் அளவுகோல் அவர்கள் தலைமேல் இல்லாமல் போனது. அதன் பிறகு குஸ்கோ ஓவியங்களில் தங்க இலைப் பூவேலை மாதாவின் உடையெங்கும் படர்கிறது. அங்கி முக்கோணமாக விரிந்து மலை போலாகிறது. பூமித்தாய் பாச்சமாமாவின் சாயல் அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த ஓவியங்களுக்கு முன்னால் நின்றால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா 1753 வாக்கில் எழுதிய இறுதி இராவுணவு ஓவியத்தை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். மேசை நடுவில் தட்டில் மல்லாந்து கிடக்கும் கினிப் பன்றியை (எலி இனத்துச் சிறு பிராணி) பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கினிப் பன்றி அந்த மலைநாட்டின் விருந்துக் கறி. ஆண்டவரின் கடைசி விருந்துக்குத் தன் ஊரின் மிக உயர்ந்த உணவை வைத்திருக்கிறார் ஓவியர். அதில் பக்திதான் தெரிகிறது.

தியேகோ கிஸ்பே தித்தோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1611இல் பிறந்தவர், குஸ்கோவை ஒட்டிய சான் செபஸ்தியான் ஊர்க்காரர். அவர் 1681இல் எழுதிய ராசிமண்டல ஓவிய வரிசை பேராலயத்தில் இருக்கிறது. அவர் ஊர்க் கோயிலில் அவர் கைப்பட எழுதிய பெரிய ஓவியங்கள் இருந்தன. 2016 செப்டம்பரில் அந்தக் கோயிலில் தீப்பிடித்து அவற்றில் பல அழிந்தன. முந்நூறு ஆண்டுக்கும் மேல் நிலநடுக்கங்களைத் தாண்டி வந்தவை ஒரே நாளில் போயின. மச்சு பிச்சுவில் இப்படி ஒன்று நடந்திருந்தால் உலகமே கூக்குரலிட்டிருக்கும். இங்கே உள்ளூர் மக்கள் அழுதார்கள், பெருவியச் செய்தித்தாள்கள் எழுதின, அவ்வளவுதான். குடியேற்றக் காலக் கலையை "அசல் இல்லை" என்று ஒதுக்கும் மனப்போக்கு எனக்கு ஏன் இவ்வளவு கோபத்தைத் தருகிறது என்று கேட்டால், இதுதான் காரணம். ஒதுக்கப்பட்டதைக் காப்பாற்ற யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

குஸ்கோ பல்கலைக்கழகம் நடத்தும் இன்கா அருங்காட்சியகத்தில் கேரோ என்ற மரக்குவளைகள் இருக்கின்றன. உலகின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. இரண்டு இரண்டாகச் செய்வார்கள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை எதிரில் இருப்பவருக்குக் கொடுத்து, மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்துச் செய்த சிச்சா என்ற பானம் குடிப்பது வழக்கம். இன்காக் காலத்துக் குவளைகளில் கோடும் கட்டமும்தான். ஸ்பானியர் வந்த பிறகு, மோப்பா மோப்பா என்ற பிசினில் நிறம் கலந்து பதித்து, இன்கா அரசர்களையும் போர்களையும் உழவையும் பூக்களையும் வரைந்தார்கள். அரசு வீழ்ந்த பிறகுதான் குவளை கதை சொல்ல ஆரம்பித்திருக்கிறது. காசா கோஞ்சா அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 1912இல் அமெரிக்க ஆய்வாளர் பிங்காம் மச்சு பிச்சுவில் தோண்டி யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன பொருள்கள், பெருவின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2011, 2012இல் திரும்பி வந்து அங்கே இருக்கின்றன.

சரி, பட்டறைகளுக்கு வருவோம். சான் பிளாஸ் மேட்டுத்தெருக்களில் 1977இல் மறைந்த இலாரியோ மெந்திவிலின் குடும்பத்தினர் இன்றும் சொரூபம் செய்கிறார்கள். அவர் செய்த மாதாவுக்கும் வானதூதருக்கும் கழுத்து நீளமாக இருக்கும். சின்ன வயதில் பார்த்த லாமாக் கூட்டங்களின் கழுத்தழகு மனதில் தங்கியதுதான் காரணம் என்பார்கள். கற்றாழைத் தண்டும், பசையில் நனைத்த துணியும், மாவுப் பசையும் சேர்ந்து அந்த உருவங்கள் பிறக்கின்றன. அதே பேட்டையில் வாழ்ந்த எதில்பெர்தோ மெரிதா களிமண்ணில் விவசாயிகளைச் செய்தார். பெரிய பெரிய கை, கால், வலியில் திறந்த வாய். அழகுப் பொருள் தேடி வருபவர்களை அவை நிம்மதியாகப் போகவிடாது.

இந்த ஊர்க் கைவினையாளர்கள் எல்லோரும் கூடும் நாள் டிசம்பர் 24. சாந்துராந்திகுய் என்று அந்தச் சந்தைக்குப் பெயர். நடுச்சதுக்கம் முழுக்கக் கடை விரித்து, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டிய எல்லாம் விற்பார்கள். மலையிலிருந்து பறித்த பாசியும் புல்லும்கூட. குழந்தை இயேசுவை அங்கே செல்லமாக மானுவேலித்தோ என்கிறார்கள். கண்ணாடிக் கண், பறவை இறகின் தண்டில் செய்த பல், வாய்க்குள் மேலண்ணத்தில் சிறு கண்ணாடித் துண்டு. சில குழந்தைகளின் பாதத்தில் முள் குத்தியிருக்கும், கன்னத்தில் கண்ணீர் நிற்கும். மலையில் ஆடு மேய்க்கும் பிள்ளையாகவே இயேசுவை நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

நெசவைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. தெருவில் "பேபி அல்பாக்கா" (லாமா இனத்து அல்பாக்காவின் மெல்லிய ரோமம்) என்று சொல்லி விற்கும் மலிவான சால்வைகளில் நிறைய செயற்கை நூல், இயந்திரத்தில் ஓடியது. அதை வாங்கிவிட்டு ஆண்டீஸ் கைத்தறி வாங்கினேன் என்று சொல்லாதீர்கள். எல் சோல் சாலையில் குஸ்கோ மரபு நெசவு மையம் இருக்கிறது. சின்செரோ ஊரில் நெசவு கற்று வளர்ந்த நில்தா கல்யாஞ்யௌபா 1996இல் மற்ற நெசவாளர்களோடு சேர்ந்து தொடங்கியது. பத்துச் சமூகங்களோடு வேலை செய்கிறது. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து நெய்வதைப் பார்க்கலாம். பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுவை கொடுக்கிறார்கள். நூல் தக்களியில் நூற்றது. சிவப்பு, கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வருகிறது. எலுமிச்சைச் சாறு, உப்பு என்று சேர்க்கச் சேர்க்க அதே பூச்சி வேறு வேறு நிறம் தருகிறது. வடிவத்துக்குத் தாளும் இல்லை, வரைபடமும் இல்லை. எந்த இழையை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது நெய்பவரின் நினைவில் இருக்கிறது. சிறிய இடைப்பட்டைக்கே பல நாள் உழைப்பு. விலை அதிகம் என்று அங்கே பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் காசு குறைவென்றால் சின்னதாக ஒன்று வாங்கலாம்.

திருவிழாக்களில் இந்தி ராய்மிக்குத்தான் உலகப் புகழ். ஜூன் 24. பழைய சூரிய விழா ஸ்பானியர் காலத்தில் தடைபட்டது. 1944இல் உம்பெர்தோ விதால் உண்டாவும் நண்பர்களும் அதை நாடகமாக மீட்டெடுத்தார்கள். இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் நாடகம் எழுதி, அதில் இன்கா அரசனாக முதன்முதல் நடித்தவர் ஃபௌஸ்தினோ எஸ்பினோசா நவாரோ. "நாடகம்தானே, போலி" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கெச்சுவா பேசுவதே கேவலம் என்று நகரங்களில் கருதிய காலம் அது. 1975இல்தான் அந்த மொழிக்கு அரசு அங்கீகாரம் வந்தது. அதற்கு முப்பது ஆண்டு முன்னால் பொது இடத்தில் அரசனின் வாயில் கெச்சுவாவை வைத்தது பெரிய காரியம். வருத்தம் எனக்கு வேறு இடத்தில். விழா நடக்கும் சாக்சாய்வாமான் கோட்டையில் இருக்கைகள் டாலர் கொடுக்கும் வெளிநாட்டவருக்கு. உள்ளூர்க் குடும்பங்கள் சுற்றியுள்ள குன்றுகளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். விழா யாருடையதோ அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள்.

அதனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நற்கருணைத் திருவிழாவுக்குப் போகச் சொல்வேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு அறுபது நாள் கழித்து, வியாழக்கிழமையில் வரும். முந்தின நாளே பங்குகளிலிருந்து பதினைந்து சொரூபங்கள் புறப்பட்டு வருகின்றன. செபஸ்தியாரும் எரோணிமுசும் ஓட்டப் பந்தயம் வைத்தபடி நகருக்குள் வருவார்கள். குதிரைமேல் சந்தியாகப்பர் வருவார், அந்தோணியார், சூசையப்பர், பலவிதப் பெயர்களில் மாதா. நம் கடலோர ஊர்களின் தேர்பவனியில் நின்றவர்களுக்கு அந்த மேளமும் தோள்கொடுக்கும் போட்டியும் அந்நியமாகத் தெரியாது. ஒரு வாரம் பேராலயத்தில் எல்லோரும் சேர்ந்து தங்குவார்கள். இரவில் அவர்கள் கூடி ஊரின் நல்லது கெட்டதைப் பேசி முடிவெடுப்பதாக மக்கள் நம்புகிறார்கள். இதே சதுக்கத்தில்தான் இறந்த இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களை அலங்கரித்துக் கொண்டுவந்து வைத்து விருந்து படைத்தார்கள். தேடிப் பிடித்து அவற்றை ஸ்பானிய அதிகாரிகள் 1559இல் பறித்துக்கொண்டார்கள். பறித்த இடத்துக்குச் சொரூபங்கள் வந்தன. தூக்கி வந்து, உடை மாற்றி, சேர்த்து உட்காரவைக்கும் பழக்கம் நின்றுவிடவில்லை. சதுக்கத்தைச் சுற்றிக் கடைகளில் சிரியூச்சு விற்பார்கள். கினிப் பன்றி, கோழி, உப்புக்கண்டம், வறுத்த மக்காச்சோளம், பாலாடைக்கட்டி, கடற்பாசி, மீன் முட்டை, மேலே ரொகோத்தோ மிளகாய். எல்லாம் ஆறியபடியே ஒரே தட்டில். கடலும் மலையும் சேர்ந்த தட்டு. காரம் நமக்குத் தாங்கும்.

பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு: மச்சு பிச்சுவுக்கு முன்போ பின்போ, குஸ்கோவுக்கென்று முழுதாக நான்கு நாளாவது வையுங்கள். முதல் நாள் படி ஏறவே வேண்டாம், கீழ்த்தெருக்களில் மெதுவாக நடங்கள். நகரத்தின் பொதுவான சுற்றுலாச் சீட்டில் பேராலயமும் சமயக் கலை அருங்காட்சியகமும் அடங்காது, அவற்றுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். இதை அறியாமல் வாசலில் திரும்புகிறவர்கள் உண்டு. மே கடைசியிலோ ஜூன் மாதமோ போக முடிந்தால், நற்கருணைத் திருவிழா எந்த வியாழன் என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய செவ்வாய்க்குள் ஊர் போய்ச் சேரும்படி பயணச்சீட்டு எடுங்கள்.