பை இல்லாவிட்டாலும் பராமரிப்பு உண்டு

“பை இல்லாத அப்ரைட் (நின்றபடி தள்ளும்) வேக்குவம் கிளீனருக்குப் பராமரிப்பே வேண்டாம், தூசி சேரும் டப்பாவைக் கொட்டினால் போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பை வாங்கும் செலவு மிச்சம் என்பது சரி. மற்றது தவறு.

உள்ளே சுழலும் காற்று கனமான தூசியை டப்பாவின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். மாவு போன்ற நுண்தூசி ஃபில்டரில்தான் போய் ஒட்டும். அது அடைத்துக்கொண்டால் இழுக்கும் வேகம் குறையும், மோட்டாரும் சூடேறும். மெஷினே போச்சு என்று பலர் முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் வெறும் தண்ணீரில் அலசி, 24 மணி நேரமாவது நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் நாற்றம் வரும், மோட்டாரும் கெடும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர்களில் சிலவற்றைக் கழுவக் கூடாது, கையேட்டைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், பிரஷ் உருளையில் சுற்றிக்கொள்ளும் தலைமுடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும்.

வீட்டில் ஆஸ்துமாவோ தூசி அலர்ஜியோ உள்ளவர் இருந்தால், டப்பாவைக் கொட்டும்போது கிளம்பும் புழுதியையும் யோசியுங்கள். அவர்களுக்குப் பை உள்ள மாடலைத்தான் நான் சொல்வேன். தூசி பையோடு மூடியபடியே குப்பைக்குப் போய்விடும்.