வார்ட்டன் வாங்கியது புலிட்சர், நோபல் அல்ல

அமெரிக்க நாவலாசிரியரும் பயண எழுத்தாளருமான ஈடித் வார்ட்டன் 1921இல் இலக்கிய நோபல் பெற்றார், அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான் என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது. நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டார்கள். சின்னத் திருத்தம்: அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது நாவலுக்கான புலிட்சர் என்ற அமெரிக்கப் பரிசு. 'தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ்' நாவலுக்காக. அந்தப் பிரிவில் வென்ற முதல் பெண் அவர். 'முதல் பெண்' என்ற குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இலக்கியப் பிரிவை ஆண்டுவாரியாகப் பாருங்கள். 1921க்கு நேரே பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்ஸ் பெயர் இருக்கும். முதல் பெண் என்றால் 1909இல் வென்ற ஸ்வீடனின் செல்மா லாகர்லோஃப். அப்புறம் புலிட்சர் தளத்தில் 1921, நாவல் பிரிவு என்று தேடினால் வார்ட்டன் வந்துவிடுவார். அதே நோபல் தளத்தில் பழைய பரிந்துரைகளின் காப்பகமும் உண்டு. ஐம்பது ஆண்டுகள் கழித்தே அந்தப் பெயர்களை வெளியிடுவார்கள். 1927இல் வார்ட்டன் பெயரும் பரிந்துரையில் இருந்தது. பரிந்துரை வேறு, பரிசு வேறு.

அவரைப் பாராட்ட இல்லாத பரிசு தேவையில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் ராணுவ மோட்டார் வண்டியில் மொராக்கோவைச் சுற்றியவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலும் இந்த நாவலும் 1920 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தன. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம். பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.