படகில் யாரை உட்காரவைத்தேன்?

போன வாரம் காலையில் கீழே இறங்கிப் போனால், ஸ்கூட்டரின் வலப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. பார்த்த மாத்திரத்தில் ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் கார் நிறுத்துகிறவர். பின்னால் பார்க்காமலே வண்டியை எடுப்பார், கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன கேட்பது, எந்தக் குரலில் கேட்பது என்று மனத்துக்குள் ஒத்திகையே முடிந்துவிட்டது. அப்புறம்தான் பின்சக்கரத்தை ஒட்டிக் கிடந்த தென்னை மட்டை கண்ணில் பட்டது.

கண்ணாடி அப்படியேதான் தொங்கியது. செலவும் அதேதான். கோபத்தை மட்டும் காணவில்லை. மட்டையிடம் போய் யார் சண்டை போடுவது?

பழைய சீனத் தத்துவ நூலான சுவாங்சுவின் 20ஆம் அத்தியாயத்தில் இந்தச் சங்கதி இருக்கிறது. ஆற்றைக் கடக்கிறவன்மீது ஆளில்லாத படகு வந்து மோதினால், அவன் எப்பேர்ப்பட்ட முன்கோபியானாலும் கோபம் வராது. அதில் ஓர் ஆள் இருந்துவிட்டால் கத்துவான். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை நிச்சயம் வசவுதான்.

எனக்கு இது வாட்ஸ்அப்பில் 'ஜென் கதை' என்று வந்தது. (ஜென் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய கதை, தாவோ என்ற சீனத் தத்துவ மரபைச் சேர்ந்தது, அது கிடக்கட்டும்.) கூடவே ஓர் உபதேசம்: எதிரே வருகிற எல்லாரையும் காலிப் படகாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எதிரே இருக்கிற மனிதரை ஆளே இல்லை என்று வைத்துக்கொள்வதும் ஒரு தீர்ப்புதான், அதுவும் திமிர் பிடித்த தீர்ப்பு. மூலத்தில் அப்படிச் சொல்லவும் இல்லை.

அங்கே பழைய சீனாவின் லூ நாட்டு மன்னர் புலம்புகிறார்: முன்னோர் வழியில்தான் நடக்கிறேன், சான்றோரை மதிக்கிறேன், ஆனாலும் துன்பம் விட்டபாடில்லை. அவரைப் பார்க்க வந்த ஷினான் யிலியாவ் என்பவர் பதில் சொல்கிறார்: நரியும் சிறுத்தையும் பகலில் குகையில் பதுங்கி, இரவில் மட்டும் நடமாடியும் கண்ணியில் சிக்குகின்றனவே, என்ன குற்றம் செய்தன? அவற்றின் தோல்தான் அவற்றுக்கு எமன். உங்களுக்கு இந்த நாடுதான் தோல், உரித்துப் போடுங்கள். படகுக் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. தன்னைக் காலியாக்கிக்கொண்டு உலகில் திரிகிறவனுக்கு யார் தீங்கு செய்ய முடியும் என்று முடிகிறது.

ஆக, காலியாக வேண்டியது என் படகு. 'நான் ஒழுங்காக வண்டி நிறுத்துகிறவன்' என்பதுதான் என் சிறுத்தைத் தோல். அன்றைக்கு அந்த மனிதரை எதிர்ப் படகில் உட்காரவைத்ததும் அதுதான்.

நேற்று அவர் மறுபடியும் பின்னால் பார்க்காமல் காரை எடுத்தார். என் முதல் கூப்பாடு கிளம்பிவிட்டது, இரண்டாவதும். மூன்றாவதற்குள் அவர் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.